மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை உண்டா? ஆய்வு எண்களைப் படிக்கும் விதம்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பல்கலைக்கழக மாணவர்களிடம் சுற்றுச்சூழல் பற்றி ஆய்வு நடந்தால், முடிவு பெரும்பாலும் இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். விழிப்புணர்வு உயர்ந்த நிலையில் உள்ளது. நடைமுறை அதற்கு ஈடாக இல்லை. செய்தியாக வெளிவந்ததும் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு ‘இளையோர் விழித்துக்கொண்டார்கள்’ என்று ஒரு சாரார் மகிழ்கிறார்கள். இன்னொரு சாரார் இரண்டாம் வரியைக் காட்டி ‘எல்லாம் வாய்ப்பேச்சு’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்டுப் பார்த்தால் படம் மாறுகிறது. மாணவர்களின் அக்கறை பெரும்பாலும் உண்மையானதுதான். ஆனால் அதை அளக்கும் கருவி பூமியைப் பற்றிக் கேட்கிறது; அவர்களுடைய அன்றாட நடத்தையோ சாப்பாட்டுக் கடையிலும் விடுதி அறையிலும் நடக்கிறது. அங்கே முடிவு செய்வது விலையும் வசதியும் விதியும். அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மனப்பான்மை என்று எதைச் சொல்கிறார்கள்?

உளவியலில் மனப்பான்மை என்பதை வழக்கமாக மூன்று கூறாகப் பிரிப்பார்கள்.

1. அறிவு: ஒன்றைப் பற்றி ஒருவர் தெரிந்துவைத்திருப்பதும் நம்புவதும். புகைமூட்டம் எதனால் வருகிறது, நெகிழி மட்க எவ்வளவு காலம் ஆகும் என்பது போல.
2. உணர்வு: அதன்மேல் உள்ள பிடிப்பு, வெறுப்பு, கவலை.
3. செயல் நாட்டம்: அதற்காக ஏதாவது செய்யலாம் என்ற எண்ணம்.

மூன்றாவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது எண்ணம் மட்டுமே. ‘மறுசுழற்சி செய்யத் தயாராக இருக்கிறேன்’ என்ற வாக்கியத்துக்கு எதிரே குறியிடுவதற்கும், நெகிழிப் புட்டியைக் கழுவி மறுசுழற்சிக்கான ஆரஞ்சு நிறத் தொட்டியில் போடுவதற்கும் இடையில் நிறைய நடக்கலாம்; நடக்காமலும் போகலாம்.

இந்த இடைவெளி புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவைச் சுற்றிவந்தார். 250 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்திருப்பார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் ‘முடியாது’ என்றார்கள். அப்புறம் அதே இடங்களுக்கு ‘சீனர்களை ஏற்பீர்களா?’ என்று எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் ‘மாட்டோம்’ என்று எழுதினார்கள். 1934இல் வெளிவந்த ஆய்வு இது. காகிதத்தில் கெட்டவர்கள் நேரில் நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். நம் மாணவர்கள் கதையில் திசைதான் வேறு.

பதினைந்து வாக்கியங்கள்

சுற்றுச்சூழல் மனப்பான்மையை அளக்க உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது ‘புதிய சூழலியல் கண்ணோட்டம்’ என்ற அளவுகோல். ரைலி டன்லப், கென்ட் வான் லியர் என்ற இருவர் 1978இல் உருவாக்கியது. 2000இல் திருத்தி 15 வாக்கியங்களாக்கினார்கள். பூமி தாங்கக்கூடிய மக்கள்தொகையின் எல்லையை நெருங்குகிறோம், இயற்கையின் சமநிலை எளிதில் குலையக்கூடியது, மனிதனுக்கு உள்ள அளவு உரிமை செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் உண்டு என்ற வகையில் அவை போகும். ஒவ்வொன்றுக்கும் 1 (துளியும் ஒப்புக்கொள்ளவில்லை) முதல் 5 (முழுதும் ஒப்புக்கொள்கிறேன்) வரை குறியிட வேண்டும்.

இந்த 15இல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டு வாக்கியங்கள் சுற்றுச்சூழலுக்கு ஆதரவானவை. ஏழு எதிரானவை: இயற்கையைத் தன் தேவைக்கேற்ப மாற்ற மனிதனுக்கு உரிமை உண்டு என்பது போல. எதிரான ஏழுக்கும் மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். 4 என்று குறியிட்டால் அது 2 ஆகும்.

ஏன் இந்த ஏற்பாடு? நாளை தேர்வு, நள்ளிரவு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்து விழுகிறது. ‘கொஞ்சம் உதவுங்க, இறுதியாண்டு ஆய்வு’ என்று நண்பர் கெஞ்சுகிறார். வாக்கியங்களைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 4 போட்டு அனுப்பிவிடுகிறார் ஒருவர். அவருக்குக் கிடைக்கும் மதிப்பெண்:

- ஆதரவான எட்டு × 4 = 32
- எதிரான ஏழு × 2 = 14
- கூட்டினால் 46; சராசரி 3.07

நடுவாந்தரம். கருவி அவரைச் சரியாகப் பிடித்துவிட்டது. சரி, அதே மாணவரிடம், அதே தூக்கக் கலக்கத்தில், எல்லாமே ஆதரவான வாக்கியங்களாக உள்ள வினாநிரலைக் கொடுங்கள். ‘சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது நம் கடமை’, ‘மறுசுழற்சி நல்லது’, ‘மரம் நடுவது அவசியம்’. எல்லாவற்றுக்கும் 4. சராசரி 4.00.

மலேசியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் சராசரியை மூன்று படியாகப் பிரிக்கும் பழக்கம் உண்டு: 1.00 முதல் 2.33 வரை ‘தாழ்வு’, 2.34 முதல் 3.66 வரை ‘மிதம்’, 3.67 முதல் 5.00 வரை ‘உயர்வு’. 1க்கும் 5க்கும் இடையே உள்ள 4ஐ மூன்றால் வகுத்தால் 1.33, அவ்வளவுதான் அந்த எல்லைகளின் பின்னணி. நம் மாணவர் முதல் கருவியில் ‘மிதம்’, இரண்டாவதில் ‘உயர்வு’. மனம் மாறவில்லை, வினாநிரல் மாறியது.

மேலும் ஒரு சிக்கல். மற்ற இயற்கையின்மேல் ஆட்சி செய்யவே மனிதன் பிறந்தான் என்ற பொருளில் ஒரு வாக்கியம் அந்த 15இல் உண்டு. ஒப்புக்கொள்பவர் சுற்றுச்சூழலுக்கு எதிரானவர் என்று கணக்கு. ஆனால் இஸ்லாமிய மரபில் மனிதன் பூமியின் கலீஃபா, பொறுப்பாளர். அந்த நினைப்போடு ஒருவர் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று போடலாம். மறுபக்கம், எல்லா உயிரும் ஒன்றே என்று கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை, செடிகொடிகளின் உரிமை பற்றிய வாக்கியத்துக்கு யோசிக்காமல் 5 போடுவார். கையில் நெகிழிப் பை தொங்கிக்கொண்டிருந்தாலும். இரண்டு பேருடைய எண்ணுமே அவர்கள் நடத்தையைப் பற்றி அதிகம் சொல்லாது.

384 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

மலேசிய ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு 384 என்ற எண் பழக்கமானது. கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருகிறது. மொத்தம் 20,000 பேர் இருந்தால் 377 பேரைக் கேட்டால் போதும். பத்து லட்சம் பேர் இருந்தாலும் 384 போதும். பிழை ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்பது இதன் உத்தரவாதம்.

அந்த உத்தரவாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த 384 பேரும் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நண்பர்கள் குழுவுக்கு அனுப்பி, விருப்பப்பட்டவர்கள் நிரப்பி, எண்ணிக்கை 384ஐத் தொட்டதும் நிறுத்தினால் அட்டவணை துணைக்கு வராது. ‘சுற்றுச்சூழல் பற்றிய ஆய்வு’ என்ற தலைப்பைப் பார்த்தே திறப்பவர்கள் ஏற்கெனவே அதில் ஆர்வம் உள்ளவர்கள். மற்றவர்கள் கடந்துபோய்விடுவார்கள்.

சுங்கை டுவாவில் ஒரு பொட்டலம்

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பினாங்கு வளாகத்தை ஒட்டியுள்ள சுங்கை டுவா, மாணவர்களின் வயிற்றை நம்பி வாழும் பகுதி. இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாணவி நாசி கோரேங்கும் தே ஆயிஸும் ‘புங்குஸ்’ (பொட்டலமாக) கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சோறு பழுப்புக் காகிதத்தில் மடிக்கப்படுகிறது. காகிதத்தின் உட்பக்கம் நெகிழிப் பூச்சு. குழம்பு ஒரு சின்னப் பையில், ரப்பர் பேண்டு சுற்றி. தேநீர் இன்னொரு பையில், கயிறு கட்டி, உறிஞ்சுகுழல் செருகி. எல்லாம் சேர்ந்து கைப்பிடி வைத்த ஒரு பைக்குள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்து நெகிழி.

அவளுக்கு அக்கறை இல்லையா? இங்கேதான் ஐசக் அய்சென் என்ற உளவியலாளர் 1980களில் உருவாக்கி 1991இல் விரிவாக எழுதிய ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’ கைகொடுக்கிறது. ஒரு செயலுக்கான எண்ணம் மூன்று இடத்திலிருந்து உருவாகிறது என்கிறார் அவர்.

1. அந்தச் செயலைப் பற்றிய மனப்பான்மை. கவனிக்க வேண்டும்: பூமியைப் பற்றியதில்லை, *டப்பா கொண்டுபோய்ச் சாப்பாடு வாங்குவது* என்ற குறிப்பிட்ட செயலைப் பற்றியது. பொதுவான மனப்பான்மையைக் கேட்டுவிட்டுக் குறிப்பிட்ட செயலை எதிர்பார்த்தால் இரண்டும் பொருந்தாது என்று அய்சென்னும் மார்ட்டின் ஃபிஷ்பைனும் 1977இலேயே எழுதிவிட்டார்கள்.

2. சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைக்காரர் காகிதத்தில் மடிக்கும் வேகத்துக்குப் பழகியவர். டப்பாவை நீட்டினால் அளவு பார்க்க ஒரு நிமிடம் தயங்குவார். அந்த ஒரு நிமிடத்தில் முதுகில் விழும் பார்வை லேசானதில்லை. ஆனால் கூட வந்த நான்கு தோழிகளும் டப்பா வைத்திருந்தால் கதை மாறும்.

3. தன்னால் முடியுமா என்ற கணிப்பு. விடுதி அறையில் சமைக்க அனுமதி இருக்காது. மாடிக்கு ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி, அதிலும் யாரோ ஊற்றிய மீ சூப் அடைத்துக்கொண்டிருக்கும். எண்ணெய் படிந்த டப்பாவை அறைக்குள் வைத்தால் எறும்பு. இரவு வகுப்பு முடிந்து நேராகக் கடைக்கு வருபவள் காலையிலேயே டப்பாவைப் பையில் போட்டிருக்க வேண்டும்.

கொண்டுவந்தால் விலை குறையுமா என்றால், பெரும்பாலும் குறையாது. மூன்றில் இரண்டு அவளுக்கு எதிராக நிற்கும்போது முதலாவது 5க்கு 4.5 இருந்து என்ன பயன்?

வளாகங்களுக்குள் இதை மாற்றிக் காட்டிய அனுபவமும் பினாங்கிலேயே உண்டு. 2000களில் அதே பல்கலைக்கழகத்தில் போலிஸ்டைரின் உணவுப் பெட்டிக்கு ‘வெள்ளைச் சவப்பெட்டி’ என்று பெயர் சூட்டி ஒரு பிரச்சாரம் நடந்தது. அது பேச்சோடு நிற்கவில்லை. வளாக உணவகங்களில் அந்தப் பெட்டியே கிடைக்காமல் செய்தார்கள். கிடைக்காத பொருளை வாங்க யாரும் மனப்பான்மையோடு போராட வேண்டியதில்லை. அந்தப் பெட்டி போன இடங்களில் பூசிய காகிதமும் மூடி போட்ட நெகிழி டப்பாவும் வந்து உட்கார்ந்துகொள்வது இன்னொரு தலைவலி. தடை செய்ததை எண்ணுகிறோம், அதற்குப் பதில் வந்ததை எண்ணுவதில்லை.

விலை பேசும்போது

2009இல் பினாங்கு மாநிலம் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப் பை கிடையாது என்று தொடங்கியது. 2010இல் அது வாரத்துக்கு மூன்று நாளானது. 2011 ஜனவரி முதல் எல்லா நாளும். பை வேண்டுமானால் அப்போது 20 சென். சிலாங்கூர் 2017இல் இதே வழிக்கு வந்தது; கோலாலம்பூரும் அந்த ஆண்டு சாதாரண நெகிழிப் பைக்குப் பதில் மட்கும் பை என்று விதித்தது.

இருபது சென்னுக்கு யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். ஆனாலும் பேரங்காடிக்குப் போகும் மக்கள் காரில் ஒரு துணிப்பையை வைத்துக்கொள்ளப் பழகினார்கள். யாரிடமும் மனப்பான்மையைக் கேட்கவில்லை. முன்பு எதுவும் கேட்காமல் கையில் வந்து விழுந்த பை, இப்போது ‘வேணும்’ என்று வாய்திறந்து கேட்டால்தான் வரும். அந்தச் சின்னத் தடைதான் பெரும்பகுதி வேலையைச் செய்தது. அதே மக்கள் இரவு அங்காடிக் கடையில் பொட்டலம் வாங்கும்போது பை இலவசமாகத்தான் வருகிறது, இலவசமாகத்தான் வாங்கிக்கொள்கிறார்கள்.

தண்ணீர் இன்னும் கூர்மையான உதாரணம். நெகிழிப் பைக்கு முதலில் விலை வைத்த பினாங்கு, வீட்டுத் தண்ணீர் பயன்பாட்டில் நாட்டின் முன்வரிசையில் இருந்துவந்தது: ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 280 லிட்டர். தேசியச் சராசரி 200 லிட்டருக்குச் சற்று மேல். பினாங்கு மக்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியாது என்று இதற்குப் பொருளா? அங்கே தண்ணீர்க் கட்டணம் நீண்ட காலம் நாட்டிலேயே மிகக் குறைவானவற்றுள் ஒன்று.

இப்போது விடுதி அறைக்கு வாருங்கள். பருவத்துக்கு ஒரு தொகை கட்டியாகிவிட்டது. மின்சாரம், தண்ணீர் எல்லாம் அதற்குள். அறைக்குத் தனி மீட்டர் கிடையாது. விசிறியை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் பையிலிருந்து ஒரு சென் கூடவும் போவதில்லை, மிச்சமும் ஆவதில்லை. வெளியே வாடகை வீட்டுக்குப் போனதும் இதே மாணவர்கள் குளிர்சாதனத்துக்கு நேரக்கட்டுப்பாடு போட்டு வாட்ஸ்அப் குழுவில் சண்டை பிடிப்பார்கள். நான்கு மாதத்தில் பூமிமேல் பாசம் கூடிவிட்டதா என்ன! பில் வந்தது, அவ்வளவுதான்.

இதையே ஜெர்மன் சமூகவியலாளர்கள் ஆண்ட்ரியாஸ் டீக்மனும் பீட்டர் பிரைசன்டோர்ஃபரும் ‘குறைந்த செலவுக் கருதுகோள்’ என்று விளக்கினார்கள். செலவும் சிரமமும் குறைவாக உள்ள இடத்தில் மனப்பான்மை நடத்தையைத் தீர்மானிக்கும்; சிரமம் கூடக்கூட அதன் பிடி தளரும். மலாயாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு எல்ஆர்டி ரயிலில் வந்து ‘யுனிவர்சிட்டி’ நிலையத்தில் இறங்கி T789 பேருந்தைப் பிடிப்பது ஒரு வழி. மோட்டார் சைக்கிள் இன்னொரு வழி. ரோன்95 பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 5 சென்னுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைத்தது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்பறை வாசலுக்கே போய்விடும். 50 வெள்ளி மாதப் பயணச்சீட்டு வந்தது உண்மையான மாற்றம். ஆனால் அது பணத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது, எட்டு மணி வகுப்புக்கு முந்தைய காத்திருப்பை இல்லை.

மூன்று நிறத் தொட்டிகள்

கோலாலம்பூரில் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்பது 2015 செப்டம்பர் முதல் விதி. கோலாலம்பூர் பின்பற்றும் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்காத பினாங்கு, 2016இல் தனியாகத் தன் விதியைக் கொண்டுவந்தது. வளாகங்களிலும் மூன்று நிறத் தொட்டிகள் நிற்கின்றன: காகிதத்துக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, நெகிழிக்கும் உலோகத்துக்கும் ஆரஞ்சு.

மாணவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று: ‘நாங்க பிரிச்சுப் போட்டாலும் கடைசியில ஒரே கறுப்புப் பையிலதானே போகுது’. எல்லா இடத்திலும் அப்படியா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு அந்தத் தொட்டிமேல் உள்ள நம்பிக்கை போய்விடும். தன் செயலால் பயன் உண்டு என்ற எண்ணம் உடைந்தபின் எத்தனை விழிப்புணர்வுப் பட்டறை வைத்தும் தேறாது. ஆய்வு இதையும் ‘செயல் குறைவு’ என்ற கணக்கில்தான் எழுதும்.

2022 ஜனவரியில் பினாங்குப் பெருநிலத்தில் பூலாவ் பூரோங் குப்பை மேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. தீவின் குப்பையும் போய்ச் சேருவது அங்கேதான். அருகில் நிபோங் திபாலில் ஒரு பொறியியல் வளாகமே இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவருக்குக் குப்பை என்பது கொள்கை விஷயமாகத் தோன்றாது, மூச்சில் ஏறும் நாற்றமாகத்தான் தெரியும். தீவில் படிப்பவரையும் அவரையும் ஒரே சராசரியில் போட்டால் இரண்டு அனுபவமும் காணாமல் போகும்.

தோட்டத்து வீட்டில் கேட்காத கேள்வி

தமிழ் மாணவர்களைப் பொறுத்தவரை வினாநிரலில் இல்லாதவையே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ‘சுற்றுச்சூழல்’ என்றதும் கேள்விகள் காட்டுக்கும் கடலாமைக்கும் துருவப் பனிக்கும் போய்விடுகின்றன. பாட்டி முதுகில் பம்பு சுமந்து செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்தது அந்தத் தலைப்பின் கீழ் வருவதில்லை.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தோட்டங்களில் அதைத் தெளித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள், அதிலும் நிறையப் பேர் தமிழ்ப் பெண்கள். ஐரின் ஃபெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் அந்தப் பெண்களின் உடல்நிலை பற்றி 2002இல் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. பல்கலைக்கழகத்தில் இன்று படிக்கும் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் பிறந்த காலமும் இந்தப் பதினெட்டு ஆண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. தேய்ந்த நகமும் எரிச்சல் பிடித்த தோலும் அவர்கள் வீட்டில் பார்த்தவை. ‘சுற்றுச்சூழல் பிரச்சினையால் நீங்களோ குடும்பத்தினரோ பாதிக்கப்பட்டதுண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்தால் அங்கே வேறு பதில் வந்திருக்கும்.

தமிழில் சுற்றுச்சூழல் பேச்சுக்குப் பஞ்சமும் இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும், 1977இல் தொடங்கிய சஹாபாட் அலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பையும் நெடுங்காலம் நடத்திய எஸ்.எம்.முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்தவர், 2019இல் காலமானார். அந்தச் சங்கம் தமிழிலும் வெளியீடுகள் கொண்டுவந்து, பள்ளிகளில் பயனீட்டாளர் கழகங்களை வளர்த்தது. விஷம், உணவு, கடற்கரை, வீட்டுவசதி எல்லாம் அங்கே ஒரே பேச்சாக இருந்தன. பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அந்தப் பேச்சு ‘பசுமை நிகழ்ச்சி’யாகச் சுருங்கிவிடுகிறது. மேடையில் நீரின் பெருமை பேசி முடித்ததும் மேசைக்கு மேசை புட்டித் தண்ணீர் வைக்கும் நிகழ்ச்சிகளைப் பார்க்காதவர் குறைவு.

மெரிட்டும் சட்டமும்

விடுதியில் அடுத்த ஆண்டும் இடம் கிடைக்கப் பல வளாகங்களில் நிகழ்ச்சிப் புள்ளி வேண்டும். மாணவர்கள் மொழியில் ‘மெரிட்’. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் குப்பை பொறுக்கினால் மெரிட், மரக்கன்று நட்டால் மெரிட், சான்றிதழும் உண்டு. இதில் தவறில்லை. ஆனால் ஆய்வு ‘கடந்த ஆண்டு சுற்றுச்சூழல் நடவடிக்கையில் பங்கேற்றீர்களா?’ என்று கேட்கும்போது, புள்ளிக்காக வந்தவரும் மனமுவந்து வந்தவரும் ஒரே ‘ஆம்’.

இன்னொரு பக்கம், 1971இன் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம், மலாயில் சுருக்கமாக ‘அவுக்கு’. 1975 திருத்தத்தில் இறுகி, மாணவர்கள் அரசியலில் இறங்குவதை நீண்ட காலம் தடுத்தது. 2012லும் 2018லும் வந்த திருத்தங்கள் அதைத் தளர்த்தின. சட்டம் தளர்ந்தாலும் பழக்கம் உடனே தளர்வதில்லை. கடற்கரைத் துப்புரவு பாதுகாப்பான தலைப்பு. அதே கடலை மண்கொட்டி நிரப்பும் திட்டத்தைப் பற்றிப் பேசுவது ‘அரசியல்’. பினாங்குத் தெற்குக் கடலோரத்தில் மூன்று செயற்கைத் தீவுகள் என்று தொடங்கிய திட்டம் மீனவர்களின் எதிர்ப்புக்கிடையே 2023இல் ஒரு தீவாகக் குறைக்கப்பட்டது. வளாகத்திலிருந்து சிறிது தூரத்தில் நடக்கும் விஷயம். ‘விளக்கை அணைப்பீர்களா?’ என்று கேட்கும் வினாநிரல்கள், ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கை பொதுப்பார்வைக்கு வைக்கப்பட்டபோது கருத்து எழுதினீர்களா?’ என்று கேட்பது அரிது.

அப்படியானால் மனப்பான்மை வீணா?

இல்லை. அது வேலை செய்யும் இடம் வேறு. 20 சென் விதி வந்தபோது மக்கள் முணுமுணுத்தாலும் அதைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. விதிகளைத் தாங்கி நிறுத்துவது பொது மனப்பான்மைதான். சிலாங்கூரின் வட கோலா லங்காட் சதுப்புக்காட்டைக் காப்பகப் பட்டியலிலிருந்து எடுக்கும் திட்டம் 2020இல் வெளிவந்தபோது பல்லாயிரம் ஆட்சேபங்கள் குவிந்தன. தெமுவான் பூர்வகுடிகளோடு இளைஞர்களும் நின்றார்கள். அதையும் மீறிக் காட்டின் பெரும்பகுதி பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது 2021 ஆகஸ்டில் தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்து, செப்டம்பரில் மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பர் முதல் 18 வயதுக்கு வாக்குரிமை நடைமுறைக்கு வந்திருப்பதால், ஏறக்குறைய எல்லா மாணவர்களும் இப்போது வாக்காளர்கள். ஆய்வில் வரும் 4.2 போன்ற உயர்ந்த சராசரிக்கு அங்கேதான் விலை உண்டு, சாப்பாட்டுக் கடையில் இல்லை.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால்

1. வாக்கியங்களில் எதிரானவையும் கலந்திருந்தனவா என்று பாருங்கள். எல்லாமே நல்ல வாக்கியங்கள் என்றால் ‘உயர்வு’ என்ற சொல்லைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. நடத்தையை யார் சொன்னது? மாணவரே சொன்னதா, யாராவது எண்ணியதா? தன்னைப் பற்றித் தானே சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுகிறோம்.

3. எந்த வசதிகளுக்கு நடுவே கேட்டார்கள்? கழுவ இடமும் தொட்டியும் பேருந்தும் இருக்கும் வளாகத்தையும் இல்லாத வளாகத்தையும் ஒப்பிட முடியாது.

4. பல்கலைக்கழகத்தின் ‘பசுமைத் தரவரிசை’யை மாணவர் மனத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2010இல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் தொடங்கிய கிரீன்மெட்ரிக் பட்டியல், கட்டமைப்பு, மின்சாரம், கழிவு, தண்ணீர், போக்குவரத்து, கல்வி போன்ற தலைப்புகளில் நிர்வாகங்கள் அனுப்பும் தகவலை வைத்து மதிப்பிடுகிறது. பச்சைப் பரப்பு அதிகம் உள்ள வளாகம் மேலே வரலாம். அதன் விடுதியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம்.

5. இதே தலைப்பில் இறுதியாண்டு ஆய்வு செய்ய நினைக்கும் மாணவராக நீங்கள் இருந்தால், 384 கூகுள் ஃபார்முக்கு அலைவதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது. அனுமதி வாங்கி, ஒரு விடுதி உணவகத்தில் மதிய நேரத்தில் உட்காருங்கள். சொந்த டப்பாவோடு வருபவர்களை ஒரு வாரம் எண்ணுங்கள். அடுத்த வாரம் டப்பா கொண்டுவந்தால் 50 சென் குறைவு என்று கடைக்காரரை எழுதி ஒட்டச் சொல்லி மறுபடி எண்ணுங்கள். மூன்றாம் வாரம் அந்தத் தாளை எடுத்துவிட்டு, கைகழுவும் இடத்தில் சோப்பும் தேய்ப்பானும் மட்டும் வைத்து எண்ணுங்கள். நான்காம் வாரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எண்ணுங்கள். பழைய எண்ணிக்கைக்கே திரும்புகிறதா என்பது அதில்தான் தெரியும்.